நிலத்தை ஒற்றி வைத்து ஜிஆர்இ எழுத வேண்டுமா?

மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன், 26 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். குமரி மாவட்டத்திலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் இசிஇ பிரிவில் பி.இ. முடித்திருக்கிறார், சிஜிபிஏ 7.4, இடையில் இரண்டு அரியர்கள் விழுந்து, அடுத்த பருவத்திலேயே எழுதித் தேறியிருக்கிறார். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. குழித்துறையிலிருந்து நாள்தோறும் ரயிலில் போய்வருகிறார். தந்தை தேனீ வளர்ப்பவர். வீடும், ரப்பர் நிற்கும் அறுபது சென்ட் நிலமும்தான் குடும்பத்தின் சொத்து.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்காக ஊரிலுள்ள ஓர் ஏஜென்சியை அணுகியபோது, மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ என்ற தேர்வுக்கான பயிற்சி முதல் விசா வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து 85,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். 15,000 முன்பணமும் வாங்கிவிட்டார்கள். “320க்குக் கீழே எடுத்தால் விண்ணப்பிப்பதே வீண், வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்து 3,500 வார்த்தைகளை மனப்பாடம் செய்யுங்கள், அதுவும் முடியாவிட்டால் வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் பக்கத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எழுதிப் பார்த்த முதல் மாதிரித் தேர்வில் வெர்பல் (ஆங்கிலம்) 139, குவாண்ட் (கணக்கு) 152, ஆக 291 வந்திருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்று பயந்து பல கேள்விகளை அவர் தொடவே இல்லை. மொத்தச் செலவு 45 லட்சம் ஆகும் என்று ஏஜென்சி கணக்குச் சொல்ல, நிலத்தை ஒற்றி வைத்தாவது அனுப்பிவிடலாம் என்று சித்தப்பா முன்வந்திருக்கிறார். தந்தை எதுவும் பேசவில்லை. “தமிழ் வழியில் படித்த எனக்கு இது முடியுமா? வேலையை விடலாமா? நிலத்தில் கை வைக்கலாமா?” என்பவை அவர் கேட்கும் மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட மூன்றில் முதல் கேள்விக்கு முடியும் என்பதும், மற்ற இரண்டுக்கும் இப்போது வேண்டாம் என்பதும் என் பதில். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை அதிகம் கவலைப்படுத்தியது ஜிஆர்இ அல்ல. மிகச் சிறிய ஒரு தேர்வைச் சுற்றி மிகப் பெரிய முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும், அந்த அடுக்கை உங்களுக்காக வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும்தான் கவலை. எனவே தேர்வைப் பற்றிய செய்திகளை முதலில் சரிசெய்துகொண்டு, பிறகு பணத்துக்கு வருவோம்.

தேர்வு உண்மையில் எப்படிப்பட்டது

இடிஎஸ் நிறுவனம் நடத்தும் இந்தத் தேர்வு 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டது. முன்பு ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீண்டது, இப்போது 1 மணி 58 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. முப்பது நிமிடத்தில் ஒரு கட்டுரை. வெர்பலில் இரண்டு பகுதிகளாக 27 கேள்விகள். குவாண்டிலும் அவ்வாறே 27 கேள்விகள். வெர்பலுக்கும் குவாண்டுக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். கட்டுரைக்கு 0 முதல் 6 வரை. நீங்கள் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வு பழைய முறையில் அமைந்ததா என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டுரைகள் கேட்டிருந்தால் அது பழையது.

தவறான விடைக்கு இங்கே மதிப்பெண் குறைப்பதில்லை. நான்கு விருப்பங்களில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விகளுக்குத் தவறினால் மதிப்பெண் கழிப்பது, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வின் வழக்கம். கல்லூரிக் காலத்தில் கேட் எழுதியதாக நீங்களே குறிப்பிட்டிருப்பதால், அந்தப் பழக்கம்தான் இங்கேயும் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஜிஆர்இயில் ஒரு கேள்வியை வெறுமையாக விடுவது கிடைக்கக்கூடியதைத் தானாகக் கைவிடுவதாகும். தெரியாத கேள்விக்கும் ஏதேனும் ஒன்றைக் குறித்துவிட்டு, அடையாளமிட்டு நகர்ந்து, அந்தப் பகுதியின் நேரம் முடிவதற்குள் திரும்பி வரலாம். உங்கள் 291இல் இந்த ஒரு தவறான எண்ணத்தின் பங்கு எவ்வளவு என்பதை அடுத்த மாதிரித் தேர்வே காட்டும்.

இன்னொன்றையும் அறிந்து வையுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் பகுதியை நீங்கள் எழுதும் விதத்தைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமைகிறது. முதல் பகுதி சறுக்கினால், எளிய இரண்டாம் பகுதியை முழுவதும் சரியாக எழுதினாலும் மிக உயர்ந்த மதிப்பெண்ணை எட்டுவது கடினம். ஆகவே குவாண்டில் முதல் 12 கேள்விகளுக்கான 21 நிமிடம்தான் நீங்கள் அதிகம் பழக வேண்டிய இடம். பாடத்திட்டம் பள்ளிக் கணக்குதான்: எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு. கால்குலஸும் திரிகோணமிதியும் கிடையாது. திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. பொறியியல் கணக்கு நான்கு பருவம் படித்த ஒருவர் 152இல் நிற்பதற்குக் காரணம் அறிவுக் குறைவாக இருக்க முடியாது. கேள்வியின் வாசகத்தை அவசரமாகப் படிப்பதுதான் பெரும்பாலும் காரணம். தவறிய ஒவ்வொரு கணக்கையும் ஒரு நோட்டில் எழுதி, அதன் எதிரே வழி தெரியாமல் தவறியதா, வாசித்ததில் தவறியதா, நேரமில்லாமல் தவறியதா என்று குறித்து வாருங்கள். மூன்று வாரத்தில் உங்கள் பலவீனம் உங்களுக்கே பெயரோடு தெரிந்துவிடும்.

தமிழ் வழி என்ற அச்சம்

3,500 வார்த்தைகளைப் பற்றிச் சொன்னவர் வெர்பல் கேள்விகளைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அரிய சொற்களை நேரடியாகக் கேட்ட எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் 2011ஆம் ஆண்டு மாற்றத்திலேயே போய்விட்டன. இப்போது இருப்பவை பத்தியைப் படித்து விடை சொல்வது, வாக்கியத்தின் இடைவெளிகளை நிரப்புவது, ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்வது ஆகிய மூன்று வகைகள். மூன்றிலுமே வாக்கியத்தின் போக்கைப் பிடிப்பதுதான் வேலை: எங்கே கருத்து திரும்புகிறது, எதற்கு எது காரணம், ஆசிரியர் ஒப்புக்கொள்வது எது, மறுப்பது எது. நீண்ட வாக்கியங்களைக் கட்டவிழ்க்கத் தெரிந்தவருக்கு, அவர் எந்த வழியில் படித்தவராயினும், இந்தத் திறமை பாதி கைவந்ததே. சொற்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடிக்கடி வரும் ஏழெட்டு நூறு சொற்களை வாக்கியங்களோடு படித்தால் போதும். மிச்ச நேரத்தை ஆங்கில நாளிதழின் தலையங்கம், அறிவியல், வரலாற்றுக் கட்டுரைகள் ஆகியவற்றுக்குக் கொடுங்கள். ஒரு பத்தியைப் படித்து முடித்ததும், அது சொல்வதைத் தமிழிலேயே ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் பத்தி புரியவில்லை என்று பொருள், மீண்டும் படியுங்கள். இந்தப் பயிற்சிக்குக் குழித்துறை ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் நாட்கள் போதும்.

வெர்பலில் 150ஐயும் குவாண்டில் 163ஐயும் நான்கு மாதத்தில் குறிவைப்பது உங்கள் நிலையில் நியாயமான இலக்கு. இடிஎஸ் நிறுவனம் பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை இப்போதும், மற்றொன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பும் எழுதுங்கள், நடுவில் தொடாதீர்கள்.

320 என்ற எண் எங்கிருந்து வந்தது

ஜிஆர்இக்குத் தேர்ச்சி மதிப்பெண் என்று ஒன்று இல்லை. தரவரிசைப் பட்டியலும் இல்லை. நீட் கட்-ஆஃப் கேட்டுப் பழகிய நம் ஊரில் எல்லாத் தேர்வுக்கும் ஒரு கோடு இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஏஜென்சிகளுக்கும் அந்த நம்பிக்கை வசதியாக இருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு துறையும் தனக்கென்று முடிவெடுக்கிறது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு பல துறைகள் ஜிஆர்இயை விருப்பத்துக்கு உரியதாக மாற்றிவிட்டன. சில துறைகள் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. இன்னும் கட்டாயமாகக் கேட்கும் துறைகளும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில் கணினித் துறைக்கும் மின்னியல் துறைக்கும் விதி வேறாக இருக்கும்.

ஆகையால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பட்டியல், பிறகு தேர்வு. நீங்கள் படிக்க விரும்பும் பாடம் எது என்பதே உங்கள் கடிதத்தில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மென்பொருள் சோதனையிலிருந்து எங்கே போக நினைக்கிறீர்கள்: சிப் வடிவமைப்புக்கா, தரவு அறிவியலுக்கா, மென்பொருள் பொறியியலுக்கா? அதை முடிவுசெய்து, பத்துத் துறைகளின் இணையப் பக்கங்களை நீங்களே திறந்து, ஜிஆர்இ கட்டாயமா, விருப்பமா, தேவையில்லையா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்தில் எட்டு கேட்கவில்லை என்றால், நீங்கள் இந்தத் தேர்வை எழுதாமலேயே விண்ணப்பிக்கலாம். விருப்பம் என்று சொல்லும் இடங்களில், 7.4 சிஜிபிஏயும் இரண்டு அரியர்களும் உள்ள உங்களுக்கு, 163க்கு மேற்பட்ட குவாண்ட் மதிப்பெண் நிச்சயம் துணைநிற்கும். 155க்குக் கீழே என்றால் அனுப்பாமல் இருப்பதே நல்லது. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபெல் அல்லது ஐஇஎல்டிஎஸ் தனித் தேர்வு என்பதையும் ஜிஆர்இ அதற்கு மாற்றாகாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஒரு முறை குறைந்தால் அந்த மதிப்பெண் வாழ்நாள் முழுதும் தொடரும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியில்லை. 21 நாள் இடைவெளி விட்டு, தொடர்ச்சியான எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஐந்து முறை வரை எழுதலாம். மதிப்பெண் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். எந்த நாளில் எழுதிய மதிப்பெண்ணை அனுப்புவது என்பதைத் தேர்வு செய்யும் உரிமையும் உங்களுடையதே.

“பக்கத்தில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்”

இந்த வாக்கியத்தைச் சொன்னவரிடம் இனி எதுவும் பேச வேண்டாம். வீட்டிலிருந்து எழுதும் தேர்வு சட்டப்பூர்வமானது, அதில் தவறில்லை. ஆனால் அறையில் நீங்கள் மட்டுமே இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் கேமரா வழியே அறை முழுவதையும் பார்ப்பார். சாதாரணத் தாளில் எழுதிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை, அழிக்கக்கூடிய சிறு வெள்ளைப் பலகை போன்றதைத்தான் பயன்படுத்தலாம். வேறொருவர் உதவியது பின்னர் தெரியவந்தாலும், மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பிறகுகூட இடிஎஸ் அதை ரத்துசெய்து அவர்களுக்குத் தெரிவிக்க முடியும். உங்கள் பெயரில் வேறொருவர் எழுதினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆவது பிரிவின்கீழ் ஆள்மாறாட்ட ஏமாற்றுதலாகக் கருதப்படலாம். ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு அதில் இடமுண்டு. பொய்யான ஆவணத்தின் பேரில் விசா பெற்றதாக அமெரிக்கத் தூதரகம் முடிவுசெய்தால், அந்நாட்டுக்குள் நுழைவதற்கு நிரந்தரத் தடைவரை போகலாம். இவற்றில் எதற்கும் ஏஜென்சி பொறுப்பேற்காது, கையெழுத்து உங்களுடையது.

நேர்மையாக எழுதுவதற்கும் வீட்டைவிடத் தேர்வு மையத்தையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்வதற்கில்லை. பதிவுத் தளத்தில் திருவனந்தபுரம், கொச்சி என்று தேடிப் பாருங்கள்.

முன்பணம் 15,000 ரூபாயைப் பொறுத்தவரை, ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். பயிற்சி தொடங்கவில்லை, தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்துமூலம் கேளுங்கள். இடையில் விலகும் மாணவருக்கு எஞ்சிய காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. அது வழிகாட்டுதல்தான், சட்டமல்ல. ஆயினும் கடிதத்தில் எடுத்துக்காட்டுவதால் பலனுண்டு. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மேல், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வெற்றி உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் கேட்டவுடன் பணிந்துவரும் நிறுவனங்களே அதிகம்.

வேலையை விடுவது

விட வேண்டாம். உங்கள் விண்ணப்பத்தில் சிஜிபிஏயைவிட வலுவான பகுதி உங்கள் பணி அனுபவமே. மேலாளரிடமிருந்து வரும் பரிந்துரைக் கடிதத்தின் மதிப்பு ஆறு மாத முழுநேர மனப்பாடத்துக்குக் கிடைக்காது. வார நாட்களில் ஒன்றரை மணி நேரம், ஞாயிறு காலை நேரக் கட்டுப்பாட்டுடன் முழுப் பயிற்சி, தேர்வுக்கு முந்தைய வாரம் விடுப்பு என்று வைத்துக்கொண்டால் நான்கு மாதம் போதும்.

நிலமும் கடனும்

இந்தப் பகுதியை உங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கடன் பெற வழியுண்டு. அதற்கு மேல் பிணை கேட்பார்கள். அப்போது வீட்டையும் வீட்டுமனையையும் ஏற்கும் வங்கிகள், விவசாய நிலம் என்றால் தயங்குகின்றன. கடன் நிலுவையானால் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பது அதற்கு முக்கியக் காரணம். வங்கி ஏற்காத நிலம் எங்கே போகும்? தனியாரிடம் ஒற்றிக்குப் போகும். அங்கே வட்டி கூடுதல். ரப்பர் பால்வெட்டு வருமானமும் அவர்கள் கைக்கு மாறும். கல்விக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை கிடைக்கும் தவணை விலக்கும் இராது. அறுபது சென்டை ஒற்றி வைத்தாலும் 45 லட்சம் நிறையாது என்பதையும் நீங்களே அறிவீர்கள்.

திருப்பிக் கட்டுவது அமெரிக்க வேலையை நம்பியது. படிப்புக்குப் பிறகு 12 மாதமும், அறிவியல், பொறியியல் பாடங்களுக்குக் கூடுதலாக 24 மாதமும் வேலை செய்ய இப்போதைய விதி இடம்தருகிறது. அதன்பின் தேவைப்படும் எச்1பி என்ற வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 என்ற வரம்பு இருக்க, விண்ணப்பங்கள் அதைவிட மிகுதி. தகுதி இருந்தும் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்பினால் இந்தியச் சம்பளத்தில் எத்தனை ஆண்டில் கடன் தீரும் என்று கணக்கிட்டுப் பார்த்து, அந்த எண்ணை உங்களால் தாங்க முடியும் என்றால் மட்டும் கடன் வாங்குங்கள்.

வேறு இரு வழிகளையும் தாளில் எழுதி வையுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து உள்ள அளவு. மற்றொன்று நீங்கள் ஒரு முறை கைவிட்ட கேட். அதில் நல்ல மதிப்பெண் எடுத்து எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வலியமலையிலுள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்கூட கேட் மதிப்பெண்ணைக் கொண்டு எம்.டெக். சேர்க்கிறது, உங்கள் வீட்டிலிருந்து அது அதிகத் தொலைவில்லை. கேட் கடினமான தேர்வுதான், போட்டியும் பெரியது. ஆனால் அதற்கு எவரும் நிலத்தை ஒற்றி வைப்பதில்லை.

பெயரும் தேதிகளும்

கடவுச்சீட்டில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். சான்றிதழ்களில் முன்னெழுத்தோடு இருக்கும் நம் பெயர்கள் கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்தோ, குடும்பப் பெயர் இல்லாமலோ இருக்கும். தேர்வுப் பதிவில் உள்ள பெயர் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துவராவிட்டால் மையத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். கட்டிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டணமும் போய்விடும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். திருத்துவதாக இருந்தால் தேர்வுக்குப் பதிவதற்கு முன்பே திருத்துங்கள்.

அண்ணா பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் (எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய அதிகாரபூர்வப் பட்டியலுக்கும்) முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் பலரைத் தவிக்கவிடுவது அதுவே. அமெரிக்கத் துறைகள் பலவற்றுக்குக் கடைசித் தேதி டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வரும். ஆகவே அக்டோபர் முதல் வாரத்துக்குள் தேர்வை எழுதினால், தேவைப்பட்டால் 21 நாள் கழித்து மீண்டும் ஒரு முறை எழுத இடமிருக்கும். பத்துத் துறைகளின் பட்டியலை இந்த மாதத்துக்குள் தயாரித்து, இலவச மாதிரித் தேர்வில் எல்லாக் கேள்விகளுக்கும் விடையளித்து, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுவோம்.